வருகைப் பதிவேட்டுக்கு மார்க்கா?

கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆகவே மார்க்கு போடுவதில் ஏழை, பணக்காரன் என்ற பேதமே கிடையாது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2020-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு மார்க்கு போட்ட கதையைப் பார்த்தால் இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பது விளங்கும்.

அந்த ஆண்டு கொரோனா நோய் பரவியதால் பொதுப் பரீட்சை நடக்கவில்லை. ஜூன் 9-ம் தேதி அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார். நோய்க் காலத்தில் பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்தில் அடைக்காமல் விட்டது சரியே. ஆனால் மார்க்கை எங்கிருந்து எடுப்பது? காலாண்டு, அரையாண்டுப் பரீட்சைகளிலிருந்து 80 சதவீதம். பள்ளிக்கு வந்த நாட்கணக்கிலிருந்து 20 சதவீதம். இதுதான் சர்க்கார் கண்டுபிடித்த வழி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஜனங்களுக்கு இந்தக் கணக்கின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்முடையது வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால்தான் கரிசலில் விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் களையெடுப்பு. காலாண்டுப் பரீட்சை வருவதோ செப்டம்பரில், அரையாண்டு டிசம்பரில். தாய் களையெடுக்கப் போனால் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்க வேண்டும். மழை பொய்த்த வருஷமென்றால் கேட்கவே வேண்டாம். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடவோ, செங்கல் சூளைக்கோ, சட்டி பானையைக் கட்டிக்கொண்டு குடும்பமே கிளம்பிவிடும். பத்தாவது படிக்கிற பையனை யாரிடம் விட்டுச் செல்வது? நெசவாளி வீட்டிலும் இதே கதைதான். தறியில் பாவு ஏறியிருக்கும்போது தார் சுற்ற ஒரு கை குறைந்தால் அந்த வாரக் கூலி குறையும்.

இப்படிப் போகிற நாட்கள்தான் பதிவேட்டில் விழுகிற ஓட்டைகள். பையன் கெட்டிக்காரனாக இருக்கலாம். விட்டுப்போன பாடத்தை இரவில் உட்கார்ந்து படித்தும் இருக்கலாம். பதிவேட்டில் வந்தான், வரவில்லை என்ற இரண்டுதான் உண்டு. ஏன் வரவில்லை என்று எழுத அதில் கட்டம் இல்லை.

மில் தொழிலாளிக்கு இந்த வித்தை புதிதல்ல. மாதம் முழுவதும் தவறாமல் வந்தால் இத்தனை ரூபாய் என்று ஆசை காட்டும் மில்கள் உண்டு. ஒரு நாள் தவறினால் அத்தனையும் போய்விடும். அங்கேயாவது இ.எஸ்.ஐ. டாக்டர் சீட்டைக் காட்டினால் லீவு கிடைக்கும். அப்பனுக்குக் காய்ச்சல், ஆடு மேய்க்க ஆளில்லை என்பதற்கு எந்த டாக்டர் பள்ளிக்கூடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்?

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. 2019 செப்டம்பரில் காலாண்டு எழுதிய பிள்ளைக்கு, இதுதான் உன் முடிவான மார்க்கு என்று எவரும் சொல்லவில்லை. காலாண்டு என்பது பழகிப் பார்க்கிற பரீட்சை. பாடத்தையே முடிக்காத நேரம். ஜனவரிக்குப் பிறகு திருப்பிப் படித்து மேலே வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஆட்டம் முடிந்தபின் ஆட்டத்தின் விதியை மாற்றிவிட்டார்கள்!

ஆகஸ்ட் 10-ம் தேதி முடிவு வந்தது. மொத்தம் 9,45,077 மாணவர்கள். பாஸ் என்று அறிவிக்கப்பட்டவர்கள் 9,39,829 பேர். எல்லோரும் பாஸ் என்ற பட்டியலில் 5,248 பேரைக் காணோம். தேர்வுத் துறை கணக்குச் சொன்னது: 231 பேர் இறந்துவிட்டார்கள், 658 பேர் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள், 4,359 பேர் காலாண்டு, அரையாண்டுக்கு வராதவர்கள். பொதுப் பரீட்சை நடந்திருந்தால் இந்த 4,359 பேரில் சிலராவது வந்து எழுதியிருக்க மாட்டார்களா? அத்தனை பேரும் சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அதே வாரத்தில் இங்கிலாந்திலும் ஒரு கூத்து நடந்தது. அங்கேயும் மேல்நிலைப் பரீட்சை இல்லை. ஆசிரியர்கள் கணித்துக் கொடுத்த கிரேடுகளை, பள்ளியின் பழைய முடிவுகளை வைத்துக் கம்ப்யூட்டர் திருத்தியது. நூற்றுக்கு ஏறக்குறைய 40 கிரேடுகள் கீழே இறக்கப்பட்டன. சின்ன வகுப்பாக இருந்தால் ஆசிரியர் சொன்னதே நிற்கும் என்று விதி. சின்ன வகுப்புகள் அதிகம் இருப்பதோ பணம் கட்டிப் படிக்கிற பள்ளிகளில்! பெரிய வகுப்பில் நெருக்கியடித்துப் படித்த சாதாரண வீட்டுப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 13-ல் வந்த முடிவு 17-ம் தேதி வாபஸ் ஆனது. இங்கேயும் அப்படி நடந்ததுண்டு. ஐந்தாம், எட்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பொதுப் பரீட்சை என்று 2019-ல் கொண்டுவந்த உத்தரவை, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரி 4-ல் சர்க்காரே ரத்து செய்தது.

வருகைக்கு மார்க்கு இல்லையென்றால் பிள்ளைகள் பள்ளிக்கே வராமல் போவார்களே என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கவலைதான். சினிமாவுக்குப் போய்விட்டு மட்டம் போடுகிற பையனுக்கு அந்தப் பயம் உதவும். களைக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணை இரண்டு மார்க்கு எப்படி வகுப்புக்கு இழுத்துவரும்? அவள் வர வேண்டுமானால் தாய்க்குக் கட்டுப்படியாகிற கூலி வேண்டும், கைப்பிள்ளைக்குப் பால்வாடி வேண்டும், நேரத்துக்கு ஊருக்குள் பஸ் வேண்டும்.

2020 போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். அன்று போட்ட மார்க்கு அந்தப் பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டில் இன்னும் நிற்கிறது. பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் பள்ளியே போடுகிற 10 மார்க்கிலும் வருகைக்கு ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் 2018-லும் 2023-லும் மாநிலத்தில் முதலிடம் பெற்றது நம் விருதுநகர் ஜில்லா. பெருமைதான். ஆனால் தேர்ச்சி சதவீதம் என்பது பரீட்சைக்கு வந்து உட்கார்ந்தவர்களின் கணக்கு. வராதவர்கள் அதில் சேர்த்தியில்லை.

வருகையை மார்க்கிலிருந்து அடியோடு எடுக்க வேண்டும். விதைப்பு, களையெடுப்பு நாளில் பரீட்சை தவறியவர்களுக்கு மறு பரீட்சை வேண்டும். விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுக்க மாலை வகுப்பும், அதற்கு வேண்டிய ஆசிரியர்களும் வேண்டும். எந்த மார்க்கு கணக்கில் சேரும், எது சேராது என்பதை வருஷ ஆரம்பத்திலேயே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இதைக் கேட்பதற்கு இடமும் இருக்கிறது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். கூலி வேலைக்குப் போகிற தாய்க்கும் அங்கே நாற்காலி உண்டு. பகல் நேரத்தில் கூட்டம் போட்டால் அவர்களால் வர முடியாது. ஆகவே சாயங்காலம் வேலை விட்டு வந்தபின் கூட்டத்தை வையுங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள்.