கூடு தவறிய முட்டை

உயிர்களிடத்து இரக்கம் கொள்ளுதல் தமிழர்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமன்று. குளிரால் நடுங்குகிறது என்றெண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனை வள்ளல் எழுவருள் ஒருவனாக வைத்துப் போற்றுகிறோம். ஆயினும் பயனை ஆராயாது வழங்கும் ஈகைக்குக் 'கொடைமடம்' என்று பெயரிட்டதும் அதே தமிழ் மரபுதான். மயிலுக்கு அதன் இறகே போர்வை. பட்டாடையால் அது பெற்ற பயன் யாதுமில்லை. இரக்கத்தோடு அறிவும் உடன் செல்ல வேண்டும் என்பதை இன்றும் பேகன் கதை நமக்கு நினைவூட்டுகிறது. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது; கூட்டினின்றும் தவறி விழுந்த ஒரு பறவை முட்டை.

கண்டியை அடுத்த ஹேவாஹெட்ட மலைப்பகுதி தேயிலையின் வரலாற்றில் நிலைத்த பெயர் பெற்றது. ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இப்பகுதியிலேயே உள்ளது. காடாகவும் பின்னர்க் கோப்பித் தோட்டமாகவும் இருந்த மலைச்சரிவுகள் தேயிலைக்கு இடங்கொடுத்தன. மனிதர் தம் பிழைப்புக்காக நட்ட செடியைப் பறவைகளும் தமதாக்கிக் கொண்டன. அடர்ந்த தேயிலைச் செடியின் உட்புறம் கொண்டைக்குருவிக்கு வாய்ப்பான வீடு. புள்ளிப் புறாவோ சில குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதனையே கூடென்று கொள்ளும். கவ்வாத்து வெட்டும் காலத்திலும் பலத்த காற்று வீசும் நாட்களிலும் இத்தகைய கூடுகள் சரிந்துவிடுகின்றன. நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும் பெண்களும், பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளைகளும் செடியின் அடியில் முட்டையொன்றைக் காண்பது அரிதன்று.

கண்ட பிள்ளை வாளாவிருப்பதில்லை. எம்மிடம் பயிலும் மாணவர் சிலர், பஞ்சு பரப்பிய தீப்பெட்டியில் அத்தகைய முட்டையைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து, "சேர், இதைப் பொரிக்கச் செய்ய முடியுமா?" என்று கேட்டதுண்டு. இவ்வினாவுக்கு விடையளிப்பது எளிதன்று. "முடியாது" என்று ஒரே சொல்லில் முடித்தால் பிள்ளையின் இரக்கம் முளையிலேயே கருகிவிடும். "முடியும்" என்றால் அது ஏமாற்றாகும். காரணத்தை விளக்கிக் கூறுவதே ஆசிரியர் கடன்.

முட்டை குளிர்ந்திருப்பது ஒன்றைக் கொண்டே அதனுள் உயிரில்லை என்று முடிவுகட்டலாகாது. பல பறவைகள், இடவேண்டிய முட்டைகளையெல்லாம் பெரும்பாலும் இட்டு முடித்த பின்னரே அடையில் அமர்கின்றன. அதுவரை கரு வளராது உறங்குகிறது. அடைகாக்கத் தொடங்கிய பின்னர் நெடுநேரம் குளிர்ந்தால்தான் கரு அழியும். வீட்டுக்கோழியின் முட்டைக்கு ஏறக்குறைய 37.5 பாகை வெப்பம் 21 நாட்கள் வேண்டும். கொண்டைக்குருவியின் முட்டைக்குச் சுமார் 14 நாட்கள் போதும். அந்நாட்களில் தாய்ப்பறவை சூடு மாத்திரமா கொடுக்கிறது? நாளொன்றுக்குப் பல தடவை முட்டையைப் புரட்டிவிடுகிறது. ஈரப்பதம் குன்றாமலும் மிகாமலும் காக்கிறது. மின்விளக்கின் கீழ் வைத்த முட்டை ஒருபுறம் காய்ந்துபோகும். அடைக்கோழியின் கீழ் வைத்தாலோ அதன் பாரம் தாங்காது நொறுங்கும்.

இத்தனை இடர்களையும் கடந்து குஞ்சு பொரித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உண்மையான துன்பம் அதன் பின்னரே தொடங்குகிறது. கோழிக்குஞ்சு பிறந்த நாளிலேயே தானாக இரை பொறுக்கும். கொண்டைக்குருவியின் குஞ்சோ கண் திறவாது, இறகின்றிப் பிறக்கிறது. விடியற்காலை முதல் அந்திவரை இடையறாது அதற்குப் புழுபூச்சி ஊட்ட வேண்டும். புறாக்குஞ்சுக்குத் தாய் தந்தையரின் தொண்டைப்பையில் ஊறும் பால் போன்ற உணவு வேண்டும். இவற்றை வழங்க எந்த மாணவனால், எந்த இல்லத்தரசியால் இயலும்?

உணவு மாத்திரமன்று. ஒஸ்திரியா நாட்டு அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், முட்டையினின்று வெளிவந்ததும் தம்மையே முதலிற் கண்ட வாத்தினக் குஞ்சுகள் தம்மைத் தாயென்று எண்ணிப் பின்தொடர்வதை ஆராய்ந்து காட்டினார். விலங்குகளின் இயல்பு பற்றிய ஆய்வுகளுக்காக 1973 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். எல்லாப் பறவைகளும் ஒரே வகையின அல்லவெனினும், மனிதர் கையில் வளர்ந்த குஞ்சு பருந்துக்கும் பூனைக்கும் அஞ்சக் கற்பது அரிது. உயிர் கொடுத்தோம் என்று நாம் மகிழ, வாழத் தெரியாத ஓர் உயிர் தோட்டத்தில் தனித்து நிற்கும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலில், அது உண்மையிலேயே தவறி விழுந்ததுதானா என்று நோக்க வேண்டும். நமது தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி நிலத்திலேயே முட்டையிடுகிறது. ஆட்காட்டியும், இரவில் இரைதேடும் பக்கியும் வெறுந்தரையிலேயே இடுகின்றன. அவற்றின் முட்டையை எடுப்பது காப்பாற்றுதல் அன்று, களவு. முட்டை செடியிலிருந்து விழுந்ததே எனின், வெடிப்பில்லாதிருந்து, மேலே அதே நிறமும் அளவும் உடைய முட்டைகளைக் கொண்ட கூடும் தென்பட்டால், மெதுவாக அதனுள் வைத்துவிட்டு விரைவில் அகன்றுவிடலாம். மனிதக் கை பட்ட முட்டையைத் தாய் தீண்டாது என்பது வெறும் நம்பிக்கை. கூட்டருகே நாம் நெடுநேரம் நின்று பார்ப்பதே அதனை விரட்டுகிறது. பின்னர்க் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ மறத்தலாகாது. கூடு புலப்படாவிடின் முட்டையைக் கண்ட இடத்திலேயே விடுவது நன்று. அது எறும்புக்கோ கீரிக்கோ உணவாகலாம். அதுவும் காட்டின் கணக்கிற் சேர்ந்ததே.

சட்டமும் இதனையே வற்புறுத்துகிறது. ஐரோப்பியர் பலர் பறவை முட்டைகளைச் சேகரித்துப் பேழைகளில் அடுக்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த காலம் ஒன்றுண்டு. இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்க எழுந்தது. பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையிலுள்ள அச்சட்டம், பெரும்பாலான காட்டுப் பறவைகளுக்கும் அவற்றின் கூடு, முட்டைகளுக்கும் காப்பளிக்கிறது. எனவே முட்டையை வீட்டில் வைத்து வளர்க்க முயலும் பிள்ளை, நல்லெண்ணத்தோடேயே சட்டத்தை மீற நேரலாம்.

விழுந்த முட்டைக்கு நாம் செய்யக்கூடியது சிறிதே. விழாத முட்டைக்குச் செய்யக்கூடியது பெரிது. 2020 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி என்னும் சிற்றூரில், தெருவிளக்குகளின் மின்பொத்தான் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. அவ்வூரார் முட்டையை எடுத்து வேறிடத்தில் வைக்க முற்படவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாகத் தெருவிளக்கின்றி இருளில் நடமாடினார்கள். குஞ்சுகள் பொரித்துப் பறந்தன. பறவைக்கு வேண்டியது யாதென்று அறிந்து அதனையே அளித்த ஈகை அது.

நம் தோட்டங்களிலும் அதற்கு வழியுண்டு. கவ்வாத்து வெட்டுமுன் கூடுள்ள செடியை அடையாளமிட்டு, அதனை மாத்திரம் ஒரு மாதம் விட்டுவைத்தால் குஞ்சுகள் பறந்துவிடும். நாட்கூலிக்கு உழைக்கும் தொழிலாளி தானாக அவ்வாறு செய்துவிட முடியாது. தோட்ட நிருவாகத்தினர் இசைவு தர வேண்டும். ஆயிரக்கணக்கான செடிகளுக்கிடையே ஒரு செடி பிந்துவதால் எவர்க்கும் பெருநட்டம் வாராது. பெற்றோரும் ஆசிரியரும் இதனை எடுத்துரைத்தால் கேட்பார் இருப்பர் என்பது எமது நம்பிக்கை. தீப்பெட்டியில் முட்டையோடு வரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாது, அடுத்த கூட்டைக் காக்கும் பொறுப்பை அப்பிள்ளையிடமே ஒப்படைப்போமாக.