பனிமலையும் விவேகமும்

மலை என்பதை ஏட்டிலும் படத்திலும் மட்டுமே கண்டு, காவிரியின் தென்கரையில் நஞ்சை வெளிகளுக்கு நடுவே வாழ்ந்துவரும் குத்தாலம் போன்ற ஊர்களின் மக்களும் காஷ்மீரத்துப் பனிமலைகளுக்கு உல்லாசப் பிரயாணம் புறப்படுகிற காலம் வந்துவிட்டபடியால், அங்கே காத்திருக்கும் ஆனந்தத்தைப் போலவே அபாயத்தையும் நம் மக்கள் அறிந்திருப்பது அவசியம்.

காஷ்மீரத்தின் குல்மார்கில் ரோப் கார் ஏறினால், அபர்வட் மலையில் ஏறக்குறைய 13,000 அடி உயரத்தில் இறங்கலாம். அங்கிருந்து காவலும் கண்காணிப்பும் உள்ள பாதையை விட்டு விலகி, யார் தடமும் படாத பனியில் செங்குத்தான மலையிடுக்குகளின் வழியே சறுக்கி இறங்குவதற்கென்றே உலகின் பல தேசங்களிலிருந்தும் வீரர்கள் வருகிறார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அம்மலையின் ஹபத்குட் பகுதியில் பனிச்சரிவு பாய்ந்து போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். 19 வெளிநாட்டவரும் உள்ளூர் வழிகாட்டிகள் இருவரும் மீட்கப்பட்டனர். மறு ஆண்டு பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர் அதே மலைப் பிரதேசத்தில் பனிக்கு இரையானார்.

பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே நிகழ்கின்றன; சறுக்குவோர் மனம் நாடுவதும் அதே சாய்வைத்தான். பழைய பனியின்மேல் புதுப்பனி பலவீனமாகப் படிந்து கிடக்கையில், ஒரு மனிதனின் பாரமே அதைப் பெயர்த்துவிடப் போதும். வயல்வெளியில் பெய்த மழையெல்லாம் வடிகாலைத் தேடி ஓடுவதைப் போல, பெயர்ந்த பனியெல்லாம் மலையிடுக்கில் வந்து குவிவதால், திறந்த சரிவில் முழங்காலளவே மூடியிருக்கக்கூடிய பனி அங்கே ஆளை ஆழப் புதைத்துவிடுகிறது. புதையுண்டவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் பிழைப்பவர் பலர். அரைமணி கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குன்றுகிறது. ஆகவே பிராணனைக் காப்பது பெரும்பாலும் தூரத்திலிருந்து வரும் மீட்புப் படையன்று. உடன் செல்லும் தோழரும், அவர் உடலில் கட்டிய சமிக்ஞைக் கருவியும், கையிலுள்ள துழாவுகோலும் மண்வெட்டியுமே.

இத்தகைய சாகசத்தைச் சட்டத்தால் தடுத்துவிடலாமே என்பாரும் உளர். அதனை நான் ஏற்கவில்லை; இளமையின் தைரியத்தை முடக்கிய சமுதாயம் முன்னேறியதில்லை. ஆயினும் 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவு பத்து ராணுவ வீரர்களைப் பலிகொண்டபோது, அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர் என்பதை நாம் மறக்கலாகாது. கடமைக்காகச் சென்ற, பயிற்சி பெற்ற வீரர்களையே கொண்டுபோகும் பனி, விளையாட்டுக்காகச் செல்லும் அனுபவமற்றவரிடம் தயை காட்டுமா? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த பின்னரே நம் மாநிலம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. பனிப் பிரயாண விஷயத்திலும் உயிர்கள் போகும்வரை காத்திருப்பது நியாயமன்று.

எனவே, பயணம் ஏற்பாடு செய்வோர் பனிச்சரிவு பற்றிய பயிற்சியும், உள்ளூர் வழிகாட்டியும், மீட்புக் கருவிகளும் இன்றி ஒருவரையும் பாதைக்கு வெளியே அழைத்துச் செல்லலாகாது என்று அரசு கட்டாய விதி செய்ய வேண்டும். பெற்றோர் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைக் கேட்டு, அபாயம் என்றால் தயங்காமல் திரும்பிவிடும் விவேகத்தைப் புகட்டி அனுப்புங்கள்.