பாய் இறங்க வேண்டும்

சொந்தமாகப் பாய்ப்படகு வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும் பெரிய பாய் வாங்கலாமா?” என்பதுதான். வேண்டாம் என்பேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பாயார் தீவுக்கு அருகே கழிந்த இருபது நிமிடம் என்னை அப்படிச் சொல்ல வைக்கிறது.

வாடகைப் படகில் நானும் மனைவியும் இரவு எட்டு மணிக்குப் பினாங்கிலிருந்து லங்காவிக்குக் கிளம்பியிருந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு மேற்கே வானம் சுவர்போலக் கறுத்து எழுந்தது. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை இப்படித் திடீரென்று அடிக்கும் காற்றுக்கு ‘சுமத்ரா’ என்றே பெயர். பெரும்பாலும் இரவிலோ விடியலிலோதான் வரும்.

சுருட்டும் கயிற்றை இழுத்தேன். மூன்றில் ஒரு பங்கு பாய் உள்ளே போனது, அப்புறம் அசையவில்லை. பழைய பாய், நடுவில் தொய்ந்து பை போலாகியிருந்தது. சுருள் இறுக்கமாக விழாமல், ஒரு மடிப்பு பாய்மரத்தின் நீண்ட பிளவில், கதவிடுக்கில் சிக்கிய முந்தானை மாதிரி மாட்டிக்கொண்டது. கீழே இறக்கலாம் என்றால், பாய் உள்ளிருக்கும் தண்டைச் சுற்றியிருக்கிறது. இறக்குவதற்கு முதலில் முழுவதும் விரிக்க வேண்டும். அந்தக் காற்றில் முழுப் பாயை விரிப்பதா? மனைவி எஞ்சினை ஓட்டி, சுக்கானைப் பிடித்துப் படகைக் காற்றுக்கு நேரே நிறுத்தினார். நான் மழையில் பாய்மரத்தடியில் மண்டியிட்டு, அந்த மடிப்பை விரல் விரலாக நெம்பி எடுத்தேன். இரண்டு நகங்கள் பெயர்ந்தன.

இந்த அமைப்பை விரும்புகிறவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர் ஆடுகிற மேல்தளத்தில் ஏறாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே பாயைக் குறைக்கலாம். சுலபமாக இருப்பதால் காலத்தோடு குறைக்கவும் செய்வார்கள். நல்ல பாய், பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கழியான ‘பூம்’ சரியான கோணத்தில் இருப்பது, தளரவிடாத கயிறு எல்லாம் இருந்தால் ஆண்டுக்கணக்கில் சிக்காது. ஆனால் சுருள வேண்டிய பாய்க்குள் குறுக்குச் சட்டம் வைக்க முடியாது. அதனால் பின்விளிம்பை உள்வாங்கி வெட்டுகிறார்கள். பரப்பு குறைகிறது, இளங்காற்றில் வேகமும் போகிறது. பாய்மரமும் தடிக்கிறது, எடை உச்சியில் ஏறுகிறது.

எங்கள் 36 அடிப் படகில் இருப்பது ஏற்றி இறக்கும் பழைய பாய். ஏற்று கயிற்றில் இரண்டு இடத்தில் மனைவி சிவப்பு நூல் சுற்றியிருக்கிறார். முதல் நூல் பிடிப்புக்கு வரும்வரை கயிற்றை விட்டால் முதல் குறைப்பு, இரண்டாவது நூல் வந்தால் இரண்டாவது குறைப்பு. இருட்டில் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். கயிற்றை முழுவதும் விட்டால் பாய் தன் எடையிலேயே சரிந்து, இருபுறமும் கட்டிய கயிறுகளுக்கு நடுவே பூம் மேல் விழும். பின்காற்றில் இதுவும் முரண்டு பிடிக்கும். படகைக் காற்றுக்குத் திருப்பித்தான் இறக்க வேண்டும். ஆனால் திருப்பினால் இறங்குகிறது.

இரண்டு பேரால் முடியுமா என்று கேட்கிறார்கள். புதுச்சேரியின் ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் இந்தியக் கடற்படையின் 56 அடி ‘தாரிணி’யில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். அதிலும் ஏற்றி இறக்கும் பாய்தான். அவர்கள் இளையவர்கள், பயிற்சி பெற்றவர்கள், ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் முதியவர்கள், எங்களுக்கு முதல் குறைப்புக்கு நான்கு நிமிடம் ஆகிறது.

சுருளும் பாயுள்ள படகு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், பருவம் தொடங்குமுன் பாயை முழுவதும் விரித்துப் பாருங்கள். தொய்ந்திருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், காற்றுள்ள ஒரு மதியம் விற்பவரோடு கடலுக்குப் போய், பாயைப் பாதி சுருட்டி, பிறகு கீழே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.