சராசரியில் மறையும் தோட்டங்கள்: அபிவிருத்தி அளவீடு குறித்து எமது நிலைப்பாடு

இலங்கையின் அபிவிருத்தியைத் தேசிய சராசரியைக் கொண்டு, அதிலும் முதன்மையாக வருமானத்தைக் கொண்டு அளப்பதை நாம் ஏற்கவில்லை. வருமானம், சுகாதாரம், கல்வி, அரச சேவை ஆகிய நான்கையும் ஒருசேர அளக்க வேண்டும். அந்த அளவு பிரதேச செயலாளர் பிரிவு வரை இறங்க வேண்டும். தோட்டப்புறம் அதில் தனியாகத் தெரிய வேண்டும். கடைசியில் நிற்கும் மக்களின் நிலை உயர்ந்ததா என்பதே நாடு முன்னேறியதா என்பதற்கான விடையாக வேண்டும்.

இந்த நிலைப்பாட்டுக்கு 2016ஆம் ஆண்டை விட வலுவான சான்று தேவையில்லை. அவ்வாண்டு தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் இரண்டு பெரிய ஆய்வுகளை நடத்தியது. வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை 4.1 சதவீதம், தோட்டப்புறத்தில் 8.8 சதவீதம். 2006/07இல் தோட்டப்புறத்தில் 32 சதவீதமாக இருந்த வறுமை பத்தாண்டுக்குள் இவ்வளவு இறங்கிவிட்டதென்றால், மலையகத்தின் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்றே யாரும் நினைப்பார்கள். பலர் அப்படித்தான் பேசினார்கள்.

அதே ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வு பிள்ளைகளின் உயரத்தை அளந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடளவில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். தோட்டப்புறத்தில் வருமானக் கணக்கில் ஏறக்குறைய பதினொரு பேரில் ஒருவர்தான் ஏழை. ஆனால் மூன்று பிள்ளைகளில் ஒன்று வளர்ச்சி குன்றியிருக்கிறது. இரண்டு எண்களையும் தந்தது ஒரே திணைக்களம், ஒரே ஆண்டில், ஒரே மக்களைப் பற்றி.

ஒரு பிள்ளையின் உயரம் ஒரு மாதச் சம்பளத்தால் கூடவோ குறையவோ செய்வதில்லை. தாய் கர்ப்பிணியாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள், பிறந்த குழந்தையின் எடை என்ன, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, லயன் குடியிருப்பில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரத்தில் பிள்ளையை மடுவத்தில் (குழந்தைக் காப்பகத்தில்) யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த உயரம். ஆகவே அதைப் பொய்யாக்க முடியாது. வருமானக் கோட்டுக்கு அந்த உறுதி இல்லை. 2019இல் வறுமைக் கோடு புதிய அடிப்படையில் கணக்கிடப்பட்டதும் தோட்டப்புற வறுமை 33.8 சதவீதமாகிவிட்டது. மூன்று ஆண்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு பேர் ஏழையாகிவிடவில்லை. பழைய கோடு அவர்களைக் காட்டவில்லை, அவ்வளவுதான். அதே 2019 ஆய்வின் தரவைக் கொண்டு கணிக்கப்பட்ட பல்பரிமாண வறுமைச் சுட்டி, தோட்டப்புற மக்களில் பாதிக்கு மேற்பட்டோரை ஏழைகள் என்றது. நாடளவில் அது 16 சதவீதம்.

மனித அபிவிருத்திச் சுட்டியின் அருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1990இல் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியில், அமர்த்தியா சென்னின் சிந்தனையோடு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் அதை வெளியிட்டபோது, ஆயுளும் கல்வியும் பணத்துக்குச் சமமான இடத்தைப் பெற்றன. வருமானத்தில் நம்மை ஒத்த பல நாடுகளை விட இலங்கை அந்தப் பட்டியலில் மேலே நிற்பதற்கு இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவ மாதும்தான் காரணம். அதில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சுட்டி முழு நாட்டுக்கும் ஓர் எண்ணாகவே வருகிறது. சனத்தொகையில் ஏறக்குறைய நான்கு சதவீதமான தோட்டப்புறம் அதில் கரைந்துபோகிறது. அரச சேவை அதில் நேரடியாக இடம்பெறுவதும் இல்லை.

நான்காவது அளவாக அரச சேவையை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் மலையகத்தின் வரலாறு. 1940களில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அந்தக் கட்டமைப்புக்கு வெளியே விடப்பட்டன. அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களில்தான். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவோ ஒரு விளக்கு மாட்டவோ சட்டம் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவர்கள் குடியிருக்கும் இடத்தில் செலவு செய்ய முடியாது என்ற நிலை 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. தோட்டத்து மருத்துவத்தில் ஒரு பகுதி இன்றும் கம்பனிகளின் கையில் இருக்கிறது. நாட்டின் ஏனைய மக்கள் அரசிடம் உரிமையோடு கேட்பதை, இங்கே தோட்ட நிர்வாகத்திடம் வேண்டிப் பெற வேண்டியிருக்கிறது. எந்த வருமானக் கணக்கிலும் இது பதிவாகாது.

வருமானம் முக்கியமில்லை என்று சொல்பவர்களோடும் நாம் உடன்படவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய பின், இலவச வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமல் நோயாளிகள் வெளியில் வாங்க அலைந்ததை எல்லோரும் கண்டோம். அரசுக்கு வருமானம் போலவே குடும்பத்துக்கு நாட்சம்பளமும் முக்கியம். ஆனால் வர்த்தமானியில் எவ்வளவு அறிவித்தாலும், நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுக்காத நாளில் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும். ஆகவே அறிவித்த சம்பளத்தை அளக்காமல், மாத முடிவில் கைக்கு வந்த சம்பளத்தை அளக்க வேண்டும் என்கிறோம்.

இது ஓர் இனத்தின் கோரிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2019 ஆய்வில் கொழும்பு மாவட்ட வறுமை 2.3 சதவீதம், முல்லைத்தீவில் 44.5. சராசரி முல்லைத்தீவை மறைத்தது போலவே மொனராகலையின் சிங்கள விவசாயியையும் மறைக்கிறது.

எண்கள் அதிகமானால் மக்களுக்குக் குழப்பம் என்று சிலர் வாதிடுகிறார்கள். தன் பிள்ளையின் எடையை மருத்துவ மாது அட்டையில் குறிப்பதைப் பார்த்து, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லத் தெரிந்த தாய்மார் உள்ள நாடு இது. குழப்பம் மக்களிடம் இல்லை.

2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. அதே ஆண்டில் நாட்டு மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் வறுமையில் இருந்தனர் என்பது உலக வங்கியின் கணிப்பு. முதல் எண் மட்டுமே மேடைகளில் ஒலிக்கிறது. வரவுசெலவுத் திட்ட உரையில் வளர்ச்சி வீதம் சொல்லப்படும் அதே பக்கத்தில், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் வீதமும், க.பொ.த. சாதாரண தரத்துக்கு முன்பே பாடசாலையை விட்டவர்களின் வீதமும், பிரதேச செயலாளர் பிரிவு வாரியாகச் சபையில் வைக்கப்பட வேண்டும். அரச சேவையைக் கட்டடங்களின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. வைத்தியர் இருக்கிறாரா, விஞ்ஞான ஆசிரியர் இருக்கிறாரா, நடந்து போக எவ்வளவு நேரம், போனால் தமிழில் பேசிக் காரியம் முடிக்க முடியுமா என்பவை அளவாக வேண்டும். தோட்டத்தை விட்டு அருகிலுள்ள நகரங்களிலும் கொழும்பிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையக மக்கள் தோட்டப்புறக் கணக்கில் வருவதேயில்லை. அவர்களையும் கணக்கெடுக்க வழி வேண்டும். எஞ்சியுள்ள தோட்ட மருத்துவ நிலையங்கள் முழுமையாகச் சுகாதார அமைச்சின் கீழ் வர வேண்டும்.

தரவில் பெரும்பகுதி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவ மாதுகளின் பதிவேடுகளிலும் வலயக் கல்வி அலுவலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் அது கிடக்கிறது. அதை ஒன்றுசேர்த்து ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் வெளியிட நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும். உங்கள் பிரிவில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இந்த நான்கு கணக்கையும் கேளுங்கள்.