முயலும் நாயும் பின்னே ஒரு கிரில் கதவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம். ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் லேட்டு. (மேட்டுப்பாளையம்னதும் ஊட்டி ரயில் ஞாபகம் வந்தா அது வேற ஊருங்க. நம்மளுது புதுச்சேரில, லாரி முனையமும் தொழிற்பேட்டையும் இருக்கற மேட்டுப்பாளையம்.)

நாய் மேல முயல் சாஞ்சு தூங்கற வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். "மனுசனுக்குத்தான் பகை"ன்னு கீழ ஒரு தத்துவம் வேற. அதை நம்பி யாரும் முயல் வாங்காதீங்க என்பதுதான் என் கருத்து. ரெண்டும் ஒரே வீட்டுல வாழலாம். ஆனா நண்பர்களா ஆகியே தீரணும்னு நாம ஆசைப்படறோம் பாருங்க, அங்கதான் வினை.

பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். எங்க மணி தெருவுல இருந்து வந்த நாட்டு நாய், பரம சாது. அக்கா பொண்ணு கேட்டான்னு ஒரு வெள்ளை முயல் வாங்கினேன். முதல் நாளே ரெண்டையும் ஹால்ல விட்டு போன்ல படம் புடிச்சேன். மணி மோந்து பாத்து வாலை ஆட்டினான். முயல் அசையாம உக்காந்திருந்துச்சு. 'ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டாங்க'ன்னு ஸ்டேட்டஸும் போட்டாச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா மணி கூண்டையே சுத்தி வந்தான். முயல் ஒரு இலையைக்கூடத் தொடலை. மறுநாள் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறதுக்குள்ள போயிடுச்சு. உடம்புல ஒரு கீறல் கிடையாது.

"அதான் கடிக்கலையே!"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். டாக்டர்தான் புரிய வச்சார். முயல் அசையாம இருந்தது நட்பு இல்லை, பயத்துல உறைஞ்சு போனது. பயந்த முயல் சாப்பிடறதை நிறுத்திடும், சாப்பாடு நின்னா குடலும் நின்னுடும். அரை நாள் தின்னாம, புழுக்கை போடாம இருந்தாலே அவசர கேஸ். நாய் வாலாட்டறதும் உற்சாகம்தான், நட்புன்னு அர்த்தம் இல்லை.

மணியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. சிப்பிப்பாறை, கன்னி நாய்களை நம்மாளுங்க முயல் விரட்டவே தலைமுறை தலைமுறையா வளர்த்தாங்க. காட்டுமுயல் வேட்டையை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்குது. அந்தச் சட்டம் நாயோட ரத்தத்துக்குத் தெரியுமா? முயல் நாயை விரட்டின மண்ணுன்னு பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு கதை உண்டு. அது அதிசயம்ங்கறதாலதானே கதையாச்சு?

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போனப்ப அவங்க முயல் எங்ககிட்ட வந்துச்சு. டெஸ்ட் பண்ணாம நேரா புரொடக்ஷன்ல ஏத்தற தப்பை இந்தத் தடவை பண்ணலை.

முயலுக்குத் தனி ரூம், கிரில் கதவு. உள்ள ரெண்டு பக்கம் வழி வச்ச அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் பயந்தா மறுபக்கம் ஓடலாம். முதல் ரெண்டு வாரம் வாசனை மட்டும். மணி படுத்த துணி முயல்கிட்ட, முயலோட துணி மணிகிட்ட. அப்புறம் மணியை நல்லா நடக்க வச்சு, அசந்த நேரத்துல, கயித்தோட கதவுக்கு வெளிய அஞ்சு நிமிஷம். முயலைப் பாக்காம என்னைத் திரும்பிப் பாத்தா பிஸ்கட். முறைச்சுப் பாத்து உடம்பு விறைச்சா அன்னிக்குக் கடை மூடியாச்சு. முயல் பின்னங்காலைத் தரையில தட்டினாலும் அதேதான். முயலைக் கையில தூக்கிட்டு நாய்கிட்ட காட்டவே கூடாது. திமிறி உதைச்சா அதோட முதுகெலும்பே முறிஞ்சிடும்.

எட்டு மாசம் ஆச்சு. இன்னிக்கும் ரெண்டையும் தனியா விட்டுட்டுக் கடைக்குக்கூடப் போறதில்லை. "இவ்ளோ பயமா?"ன்னு சிரிக்கறாங்க. இதுக்கெல்லாம் பேக்கப் கிடையாதுங்களே.

ஒன்னா படுத்துத் தூங்கற போட்டோ என்கிட்ட இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் முயல் புல்லு தின்னுது, இந்தப் பக்கம் மணி குறட்டை விடறான். எனக்கு இது போதும்.

டிஸ்கி: 'எங்க வீட்டுல ஒன்னாதான் விளையாடுது'ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: ரொம்ப சந்தோஷம். ஆனா கதவை மட்டும் சாத்தி வைங்க.