குளிசையின் மேலுறையும் எங்கள் படிப்பும்

நாம் விழுங்கும் விற்றமின்களில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலுக்குப் போய்ச் சேர்வது சொற்பமே. ஆனால் அங்கேதான் கோடானுகோடி பக்டீரியாக்கள் வாழ்கின்றன. நமக்குச் சமிக்காத நார்ச்சத்தைச் சிதைப்பதும், விற்றமின் கே போன்றவற்றை ஆக்குவதும் அவைதாம்.

அவற்றுக்கும் விற்றமின் கிடைத்தால் என்ன நடக்கும்? ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். நயசின் எனும் விற்றமின் பி3-ஐ நுண்ணிய உறைகளில் அடைத்து, குடலின் கீழ்ப்பகுதியில் வெளிவரச் செய்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, குடல் பக்டீரியாக்களில் மாற்றம் தெரிந்தது. உடல் இன்சுலினுக்குக் காட்டும் உணர்திறனும் கூடியது. இது சிலரிடம் மட்டும் செய்த சிறிய ஆய்வு. நீரிழிவுக்கு மருந்து வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

இதன் சூட்சுமம் மேலுறையில் இருக்கிறது. இரைப்பையில் கடும் அமிலம். சிறுகுடலின் முடிவில் பீஎச் 7ஐத் தாண்டும். அமிலத்தில் கரையாமல் அங்கே போய்க் கரையும் பூச்சு வேண்டும். மரக்கிளைகளில் ஒரு பூச்சி சுரக்கும் அரக்கு அத்தகையது. உயர்தர இரசாயனவியல் பாடத்தில் நாம் படிக்கும் அமிலமும் காரமும்தான் இங்கே வேலை செய்கின்றன.

இதிலிருந்து வீட்டுக்கு ஒரு பாடம் உண்டு. உம்மம்மாவுக்கு விழுங்கக் கஷ்டம் என்று எல்லாக் குளிசையையும் இடித்துக் கொடுக்கக் கூடாது. உறையிட்ட குளிசையை இடித்தால் உறையின் பயனே போய்விடும். பாமசியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்டீயோடு குடிப்பதும் வீண்; தேயிலையிலுள்ள பொருட்கள் இரும்பைப் பிணைத்து, உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. தேயிலைக்கு நடுவே வாழும் கந்தப்பளை மக்களுக்கு இது முக்கியம். தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்ச் சாற்றோடு குடிப்பதே நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கப்சூல் உறை பெரும்பாலும் ஜெலற்றின். அது மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். தாவர செலுலோசில் செய்த உறைகளும் உண்டு. ஹலாலா என்று கேட்பது எங்கள் கடமை. ஆனால் எப்போதும் கேட்பவர்களாக மட்டும் இருந்தால் போதுமா? உறை எதிலிருந்து செய்யப்பட வேண்டும் என்று ஆய்வுகூடத்தில் தீர்மானிப்பவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்க வேண்டாமா? பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மருந்தகவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கான வாசல் விஞ்ஞானப் பிரிவு.

பெற்றோரே, தூரம், ரியூஷன் செலவு, பெண் பிள்ளை என்ற காரணங்களால் அந்த வாசல் சில வீடுகளில் சாதாரணதரத்தோடு மூடப்படுகிறது. உங்கள் பயம் நியாயமானதே. ஆனாலும் பெறுபேறு வந்ததும் எந்தப் பிரிவு என்று முடிவெடுக்குமுன், மகளிடம் ஒருமுறை கேளுங்கள். சகோதரிகளே, கேட்கும்போது தயங்காமல் பதில் சொல்லுங்கள்.