மாட்டுக்கு நம்பர், சின்ன விவசாயிக்கு பில்!

2003 டிசம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே ஒரு பசுவுக்குப் பைத்திய மாட்டு நோய். அதுவும் கனடாவில் பிறந்த பசு! உடனே நாட்டின் எல்லா மாடுகளுக்கும் நம்பர் போடத் திட்டம் வந்தது. மந்தையாக வளர்த்து மந்தையாகவே விற்கும் பண்ணைக்கு ஒரே நம்பர் போதுமாம். ஒன்றிரண்டாக விற்பவருக்கு மாட்டுக்கு ஒரு நம்பராம். இது என்ன நியாயம்? எதிர்ப்பு வலுத்து, 2010இல் கைவிட்டார்கள்.

2024 நவம்பர் முதல், மாநில எல்லை தாண்டும் கறவை மாடுகளுக்கு மின்னணு காது வில்லை கட்டாயம். வில்லையை அரசு இலவசமாகவே தரட்டும். மாட்டைப் பிடித்துக் கட்டும் கூலி? அறுந்து விழுந்தால் மறுபடி மாட்டும் வேலை? பதிவேடு எழுதும் நேரம்?

நோயின் மூலத்தைக் கண்டுபிடிக்க நம்பர் வேண்டும்தான். ஆனால் பலன் ஊருக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் என்றால், செலவு மட்டும் ஏன் சின்ன விவசாயி தலையில்?